கடைசி பெஞ்சுக்காரிகள்

காணிக்கைப் பை அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்றது. அவள் மடியிலிருந்த சிறிய துணி மூட்டையைக் கொஞ்சமாகத் தூக்கினாள். பையைப் பிடித்திருந்தவர் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு வெல்வெட் பையின் வாய்க்குள் மூட்டை நுழையாது என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். பை என் பக்கம் நகர்ந்தது. அவள் மூட்டையை மறுபடி மடியில் இறக்கி, முடிச்சின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

என் பங்குக்கு ஒரு நோட்டைப் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட பழைய துணி. பெரிய மாதுளம்பழம் அளவுக்கு இருந்தது. உள்ளே என்னவாக இருக்கும்?

அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த மூட்டை நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். மூட்டையும் வந்தது. பை வந்தது, போனது. மூட்டை அப்படியே வீடு திரும்பியது. அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

வாசலோரத்து இடம்

எங்கள் கோயில் கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், கோயம்புத்தூர் போகும் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. சுற்றிலும் கம்பெனிகளின் மதில்கள். மேலே தகரக் கூரை. வாளையார்ப் பக்கமிருந்து சரக்கு லாரிகள் வரிசையாக வரும்போது போதகர் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் அதே சொல்லிலிருந்து தொடங்குவார். கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் கூரையின் ஒரு தகடு எங்களோடு சேர்ந்து பாடும். யாரும் அதைச் சரிசெய்ததில்லை. பழகிவிட்டது.

பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டிய ஓரம் என்னுடையது. போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்போது என் கால் செருப்புக்குள் இருக்கும். ஆமென் சொன்ன வாயோடு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. சாப்பாடு கொடுத்து அனுப்ப வேண்டும். இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். பஸ் பிரச்சினை இல்லாவிட்டாலும் நான் நின்றிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

இந்தப் பழக்கம் எங்கே ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால், ராணுவக் குடியிருப்புகளில்தான் என்று தோன்றுகிறது. இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் நாங்கள் பரேலி, ஜபல்பூர், அம்பாலா என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தோம். பக்கத்தில் உட்காருகிறவர் யாரென்று பழகுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். பழகி என்ன ஆகப் போகிறது என்று ஒரு எண்ணம் வந்தது. போவது, உட்காருவது, வருவது. கஞ்சிக்கோட்டில் வீடு கட்டிக் குடிவந்து இத்தனை வருடம் ஆன பிறகும் கால் மட்டும் அடுத்த மாற்றலுக்குத் தயாராகவே இருந்தது.

அதே ராகம்

ஒரு ஞாயிறு பழைய ஞானப்பாட்டு ஒன்றைப் பாடினோம். வெள்ளைக்காரப் பாதிரிகள் கொண்டுவந்த மெதுவான ராகம். முதலடியிலேயே என் பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது. அதுவரை அந்தப் பெண் வாய்திறந்து நான் கேட்டதில்லை. மற்றவர்கள் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள், அவ்வளவுதான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ராகம் ஓர் இழை பிசகவில்லை. வார்த்தைகள்தான் வேறு.

வடக்கே இருந்த காலத்தில் சந்தைக்குப் போய்ப் போய்த் தேறிய இந்தி என்னிடம் உண்டு. காதைக் கொடுத்துக் கேட்டேன். இந்தி இல்லை. பஞ்சாபி இல்லை. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நான் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் அன்று செருப்பைத் தேடவில்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது காதில் விழுந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவளும் அவள் கணவனும் நின்றிருந்தார்கள். அவன் ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன். நான் இந்தியில் பேச்சுக் கொடுத்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைப் பேசி முடிக்கும்வரை விடவில்லை.

அவள் பெயர் சலோமி. அவன் பிரதீப். ஜார்க்கண்டில் காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில் இருக்கிறான், அவள் அட்டைப்பெட்டி செய்கிற இடத்தில். பாடியது முண்டாரி மொழி. அவர்கள் வீட்டில் பேசுவது. அந்த ராகம் அவர்கள் ஊர்க் கோயிலிலும் உண்டாம். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரிகள் கற்றுக்கொடுத்தார்களாம்.

எந்த நாட்டிலோ யாரோ போட்ட ராகம் ஜார்க்கண்ட் காட்டுக்கும் வந்திருக்கிறது, நான் வளர்ந்த சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்கும் வந்திருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பாடக் கற்றுக்கொண்டு கஞ்சிக்கோட்டில் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாட்டு தெரிந்த பாட்டாக இருந்ததே என்று மட்டும் சந்தோஷப்பட்டாள்.

பிறகு மூட்டையைப் பற்றிக் கேட்டேன். அவள் அங்கேயே முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அரிசி.

போகிற இடம்

சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம், கழுவுவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே வைத்துவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய மூங்கில் கூடையில் கொட்டுவார்கள். இங்கே கூடையைக் காணவில்லை. எங்கே கொட்டுவது என்று யாரைக் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்றும் தெரியவில்லை. அதனால் கொண்டுவந்து கொண்டுவந்து திரும்ப எடுத்துப் போயிருக்கிறாள்.

திரும்ப எடுத்துப்போனதை என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"கொடுக்கறதுக்குன்னு எடுத்து வெச்சதை மறுபடி பானையில போட மனசு வரலை தீதி" என்றாள். தீதி என்றால் இந்தியில் அக்கா.

அறையில் ஒரு காலி பெயிண்ட் வாளியில் அது சேர்ந்துகொண்டே இருக்கிறதாம். எறும்பு வருகிறது என்று பிரதீப் சத்தம் போடுகிறானாம். அவன் அருகில் நின்று, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினான்.

எனக்கு என் அம்மாவின் பால்மாவு டப்பா ஞாபகம் வந்தது. சாந்தன்பாறை எஸ்டேட் லயத்து வீட்டில் எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் மூடி நசுங்கிய டப்பா ஒன்று இருந்தது. அம்மா உலைவைக்கும் முன் ஒரு கைப்பிடி அதில் போடுவாள். போடும்போது உதடு மட்டும் அசையும். எங்களுக்கே போதாத மாதங்களிலும் போடுவாள். அதை நிறையப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்டேன். இந்த அரிசி எங்கம்மா போவுது என்று. அம்மா, "போற எடத்துக்குப் போவுது, நீ அடுப்பைப் பாரு" என்றாள். அதற்குமேல் எனக்குத் தெரியாமலே போயிற்று. எஸ்டேட்டை விட்டு, ஊரை விட்டு, மாநிலத்தை விட்டுப் போய், திரும்பி வந்தும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

இப்போது இன்னொருத்தி அதே கைப்பிடியை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறாள், எங்கே போட வேண்டும் என்று.

சும்மாவா?

அவள் இன்னொன்றும் கேட்டாள். ஊர்க் கோயிலில் அவளுக்கு வேலை இருந்ததாம். வாசிப்பாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், யாராவது படுத்துக்கிடந்தால் போய்ப் பார்ப்பாள். இங்கே உட்கார்ந்து எழுந்து போவது மட்டும்தான். எனக்கு இங்கே ஏதாவது வேலை உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

இரண்டு செய்தியையும் சபைச் செயலாளர் தேவதாஸ் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். வாளையார்ப் பக்கத்துக்காரர். ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலின் பல்பு முதல் கல்லறைத் தோட்டத்து வேலி வரை அவர் பார்வையில்தான் இருக்கும். இத்தனை வருடத்தில் நானாகப் போய் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் கோயிலில் வேலை கேட்கிறாள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, கூட்டிப் பெருக்க ஏற்கெனவே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறதே என்று வருத்தத்தோடு சொன்னார். சம்பளத்துக்கு இல்லை என்றேன்.

"சும்மாவா?" என்றார். "எதுக்குங்க?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.  அவளுக்கு உட்கார்ந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன்.

அவருக்குத் தயக்கங்கள் இருந்தன. அதில் நியாயமும் இருந்தது. வடக்கேயிருந்து வருகிறவர்கள் நாலு மாதத்தில் வேறு கம்பெனி, வேறு ஊர் என்று போய்விடுவார்கள். ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு யாரைத் தேடுவது? அரிசி வைத்தால் எலி வரும். பூச்சி விழும். கடையில் வாங்கிய அரிசியை ஒரு பிடி எடுத்து வைப்பதில் என்ன இருக்கிறது, அதற்கு நோட்டாகவே பையில் போட்டுவிடலாமே என்று கமிட்டியில் கேட்பார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க பாத்துக்குவீங்கன்னா வெச்சுக்கலாமுங்க" என்றார்.

நான் செய்தி சொல்ல மட்டும்தான் போயிருந்தேன். திரும்பும்போது அண்டா என் பொறுப்பு.

மூடி போட்ட அலுமினிய அண்டா ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து பீடத்துப் படிக்குக் கீழே வைத்தேன். அடுத்த ஞாயிறு காணிக்கைப் பாட்டின்போது சலோமி எழுந்தாள். நடுப்பாதையில் இரண்டடி வைத்தவள் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். தனியாகப் போக அவளுக்குக் கூச்சம். நானும் அந்த வாரம் ஒரு டிபன் பாக்ஸில் கொஞ்சம் அரிசி வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. எழுந்து அவளோடு நடந்தேன்.

பெயிண்ட் வாளியில் சேர்ந்தது எல்லாவற்றையும் அவள் அன்று கொண்டுவந்திருந்தாள். காலி அண்டாவில் அரிசி விழுகிற சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. கொட்டிவிட்டுத் திரும்பியபோது முதல்முறையாக அந்தக் கோயிலை முன்னாலிருந்து பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது கொண்டைகளும் சட்டைக் காலர்களும்தான். முகங்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு அம்மா சிரித்தார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார்.

அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பெரும்பாலானோர் சேரவில்லை. அண்டா மெதுவாகத்தான் ஏறியது. அந்த அரிசி எங்கே போகும் என்பது மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது.

பனி

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் சலோமியிடமிருந்து போன். பாலக்காட்டு அரசு ஆசுபத்திரியில் நிற்கிறாள். நர்ஸ் எதையோ திரும்பத் திரும்பச் சொல்கிறார், புரியவில்லை. போனை நர்ஸிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் சொன்னது "பனி". பிரதீப்புக்கு நல்ல பனி, டெங்கிப் பனி.

சாந்தன்பாறையில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் சின்ன வயதிலேயே குழப்பம் கொடுத்திருக்கும். மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பெயர் பனி. பள்ளிக்கூடத்தில் மலையாள டீச்சர் பனியா என்று நெற்றியைத் தொட்டுக் கேட்பார். வெளியே ஏலச்செடிக்கு மேல் தமிழ்ப் பனி இறங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் இரண்டுக்கும் ஆமாம் சொல்வோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரதீப் கட்டிலில் சுருண்டு கிடந்தான். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்றார்கள். ஆள் கூடவே இருக்க வேண்டும். ஆனால் அது ஆண்கள் வார்டு, சாயங்காலத்துக்கு மேல் பெண்கள் நிற்கக்கூடாது. கூட்டிருப்புக்கு ஓர் ஆண் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டிருப்பு என்றால் நோயாளிக்குத் துணை இருப்பது. பிரதீப்போடு அறையில் இருக்கும் பையன்கள் எல்லாம் ஷிப்டில். லீவு போட்டால் வேலையே போய்விடும். என் வீட்டுக்காரருக்கு நைட் டூட்டி.

தேவதாஸ் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். வரமுடியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அறிவிக்கிற மாதிரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

 "எந்த வார்டுங்க?" என்றார்.

சாயங்காலம் ஒரு போர்வையும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றுதான் அண்டா அரிசி முதல்முறையாக வெளியே வந்தது. பிரதீப்புக்குக் கஞ்சி வேண்டும், காலையும் மாலையும். நான் ஒருத்தி கஞ்சிக்கோட்டிலிருந்து தினம் இரண்டு நடை போக முடியாது. பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர் அம்மாவிடம் நம்பர்கள் வாங்கி ஒவ்வொருவராக அழைத்தேன். கடைசி பெஞ்சில் உட்காருவேனே, அந்த எஸ்தர் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நல்ல பேச்சும் கேட்டேன், சாக்குப்போக்கும் கேட்டேன். ஆனால் கஞ்சி ஒருவேளைகூடத் தவறவில்லை. அண்டாவிலிருந்து அரிசி எடுத்துப்போய் ஆளுக்கொரு வேளை வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒருவர் தேங்காய்த் துவையல் வைத்துக் கொடுத்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு பெரியவருக்கும் யாரும் இல்லை என்று தெரிந்ததும் பாத்திரம் பெரிதாயிற்று.

நம்ம கல்லறை

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, பிரதீப்பின் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு எங்களை வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் சலோமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டெட்டால் வாடையும் யாரோ கொண்டுவந்த மீன்குழம்பு வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"தீதி, இங்கயே ஏதாவது ஆயிட்டா எங்க வைப்பாங்க? எங்களை உங்க கோயில்ல சேர்த்துக்குவாங்களா?"

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை என்பதை அவள் யோசித்து முடித்திருந்தாள். இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.  எங்கள் கல்லறைத் தோட்டம் சபையில் பெயர் சேர்ந்த குடும்பங்களுக்கு. இவர்கள் பெயர் சேரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் அதைவிடக் கொடுமையான பதில் இருக்க முடியாது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

அண்ணாச்சி படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தார். போய்ச் சொன்னேன். அந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று முகம் சுளித்தார். ஜன்னல் வழியாகக் கீழே ஆட்டோ ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். விதிகளை எழுதிய கமிட்டியில் அவரும் இருந்தவர். 

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார் கடைசியில். "நம்ம கோயிலுதான், நம்ம கல்லறதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சொன்னா நான் பேசிக்கறேன். ஆனா அதுக்கு இப்ப வேல இல்லீன்னும் சொல்லுங்க."

என்னுடையது சந்தை இந்தி. கத்தரிக்காய், சில்லறை, வாடகை எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். கல்லறைக்குச் சொல் தெரியவில்லை. எங்கள் மண் உங்கள் மண் என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் மாலை தட்டணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. அதற்கு மறுநாள் இன்னும் ஏறியது. பிரதீப் எழுந்து உட்கார்ந்து கஞ்சியில் உப்பு இல்லை என்று சொன்னான். அவன் சொன்னதை மொழிபெயர்த்தபோது அன்றைக்குக் கஞ்சி வைத்தவர் முகம் வாடிவிட்டது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெரியாமல் அந்த இரண்டு ஆண்களும் இத்தனை இரவுகளை எப்படிக் கழித்தார்கள் என்று எனக்கு அறிய ஆசை. அண்ணாச்சியைக் கேட்டேன். முதல் ராத்திரி பிரதீப் பானி, பானி என்று முனகியிருக்கிறான். அவன் தண்ணீர் கேட்கிறான். இவரோ பனி அதிகமாகிவிட்டது என்று சொல்கிறான் என்று நினைத்து, ஓடிப்போய் நர்ஸை எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறார். நர்ஸ் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போனார். அவன் மறுபடி பானி என்றான். இவர் மறுபடி ஓடினார். நர்ஸ்தான் கடைசியில் பாட்டிலை எடுத்து அவன் வாயில் வைத்தாராம்.

"அப்பறம் அந்த ஒரு வார்த்தைய மனப்பாடம் பண்ணிப்போட்டனுங்க" என்றார்.

சந்தில் ஒரு ஜெபக்கூட்டம்

பிரதீப் வேலைக்குத் திரும்பிய வாரம், தங்கள் அறையில் ஒரு நன்றி ஜெபம் வைக்க வேண்டும் என்று சலோமி கேட்டாள். எங்கள் சபையில் வீட்டு ஜெபக்கூட்டம் உறுப்பினர் வீடுகளில்தான் நடக்கும். இந்த முறை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போதகரே அடுத்த ஞாயிறு மாலை என்று அறிவித்துவிட்டார்.

அவர்கள் இருந்தது கம்பெனி மதிலுக்குப் பின்னால், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் ஒன்று. எல்லா அறைக்கும் சேர்த்து ஒரு குழாய். கொடியில் காக்கிச் சட்டைகள். அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது. ஆகவே வெளியே சந்தில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். வந்தவர்களுக்குத் தார்ப்பாய் போதாமல் பக்கத்து அறைப் பையன்கள் தங்கள் பாய்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் அசாம்காரர்கள் இருந்தார்கள், வங்காளிகள் இருந்தார்கள். உருக்காலைப் புகை வாடையோடு எங்கேயோ கடுகெண்ணெய் காய்கிற வாடையும் வந்தது.

பாடினோம். போதகர் வாசித்தார். பிறகு சலோமி ஜெபம்பண்ணட்டும் என்றார். எந்த மொழியில் என்று அவள் என்னைக் கேட்டாள். உனக்கு வருகிற மொழியில் என்று போதகர் சொல்லச் சொன்னார். அவள் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நானும் பக்கத்தில் எழுந்து நின்றேன். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல நான் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு.

அவள் தொடங்கினாள். இந்தி இல்லை. முண்டாரி.

எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள், கன்னத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக உட்கார்ந்துவிட்டேன்.

புரியாத மொழி ஓடிக்கொண்டே இருந்தது. அதன் நடுவில் திடீரென்று ஒரு சொல் புரிந்தது. தேவதாஸ். அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார். இன்னும் கொஞ்சம் முண்டாரி. பிறகு எஸ்தர். அது நான். பிறகு போதகர் பெயர். துவையல் கொண்டுவந்தவர் பெயர், உப்பில்லாத கஞ்சி வைத்தவர் பெயர். ஆசுபத்திரிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவள் பெயர் கேட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வேண்டுதல், ஒன்று நீளமாக, ஒன்று சுருக்கமாக. யாருக்கு என்ன கேட்டாள் என்று தெரியாது. பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள். சுவரோரத்துப் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் அவள் "ரூத்" என்றாள். அந்தப் பெயருக்குப் பின்னால் நிறைய நேரம் ஜெபித்தாள்.

எந்த ரூத்? நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் சபையில் அந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியவில்லை. கஞ்சிக்கு நான் அழைத்தவர்களில் ரூத் இல்லை. யாரோ தானாகவே ஆசுபத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஆமென் சொன்னோம். எல்லா மொழிக்காரர்களும் சொன்னார்கள். கூட்டம் கலைந்து டீ வந்தது. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் குனிந்து, ரூத் என்றாளே, அது யார் என்று கேட்டேன். கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் வருடக்கணக்காக உட்காருகிறவர்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தானுங்க" என்றார்.